புல்தரையைப் பார்த்து மழை சொன்ன ஓணான்

வடிவு என்ற அணில் குடியிருந்த கொய்யா மரத்தை ஆடி மாதத்தில் ஒரு காலையில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் வீட்டுக்காரர் புல்தரை போட்டார். கொல்லை முழுவதும் மண்ணை நிரவி, பச்சைப் பாய் விரித்த மாதிரி புல்லைப் பதித்து, நடுவில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்றையும் நட்டுவைத்தார். வாரம் தவறாமல் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து புல்லை ஒட்ட வெட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகை வைத்துக்கொண்டு ஒரு அணில் என்ன செய்யும்?

வடிவு மோட்டார் கொட்டகையின் கூரை இடுக்கில் ஒண்டிக் கிடந்தாள். பூனை தினமும் ஏறி இறங்கும் இடம் அது. தனியாள் என்றால் சமாளித்துவிடலாம். புரட்டாசி பிறந்தபோது அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. கூடு கட்ட ஒரு மரம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

கொல்லையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. கிணற்றடியில் ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. ஆனால் அதில் அஞ்சலை என்ற காக்கை குடியிருந்தாள். போன மாசியில் வடிவின் அக்கா பெற்ற குட்டிகளில் ஒன்றைக் கொத்திக்கொண்டு போனவள் அவள்தான். சுவரோரத்து முருங்கை கொஞ்சம் பலமாகக் காற்றடித்தாலே ஒடிந்துவிடும். தென்னையில் எலிகளின் ராஜ்யம். மிச்சம் இருந்தது வேலி மூலையில் நெடுநெடுவென்று வளர்ந்து நின்ற ஓர் இளமரம்தான். அதில் யாரும் குடியில்லை. அது என்ன மரம் என்றும் வடிவுக்குத் தெரியாது.

தெரியாததைக் கேட்க அந்தக் கொல்லையில் ஓர் ஆள் உண்டு. வேலிக்கல்லின் மேல் எப்போதும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தவசி என்ற ஓணான். அசையாமல் என்றால் உடம்புதான் அசையாது. தலை ஆடிக்கொண்டே இருக்கும். பதில் சொல்லும்போதும் ஆட்டுவான், சொல்லாதபோதும் ஆட்டுவான். பார்ப்பவர்களுக்கு, இவனுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறதே என்று தோன்றும். அவனுக்கே அப்படித்தான் தோன்றியது.

"தவசி அண்ணே, இது என்ன மரம்?" என்று கேட்டாள் வடிவு.

"இது தெரியாமயா இத்தன காலம் இந்தக் கொல்லையில இருந்தே? வேம்பு, தங்கச்சி. அசல் வேம்பு."

"கிணத்தடி வேம்பு இப்படி நெட்டையா இல்லையே?"

"அது கெழடு, இது எளசு. நீ ஏன் மேல பார்க்கறே? கீழ பாரு." தவசி வாலை நீட்டிப் புல்தரையில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையைக் காட்டினான். "ஓரத்துல ரம்பப் பல்லு. நுனி கூரு. வேப்பிலை இல்லாம இது வேற என்னவாம்?"

வடிவு குனிந்து பார்த்தாள். ரம்பப் பல் இருந்தது. நுனி கூராக இருந்தது. சரியாகத்தான் சொல்கிறான்.

"காத்து தாங்குமா அண்ணே?"

"வேம்பு தாங்காத காத்து இனிமேதான் பொறந்து வரணும்."

அந்த ஒரு வார்த்தை வடிவுக்குப் போதுமானதாக இருந்தது. வயிற்றில் பாரத்தோடு இடம் தேடி அலைகிறவளுக்கு, உறுதியாகச் சொல்கிற குரல் ஒன்று கிடைத்தால் அதுவே பாதி வீடு கட்டிய மாதிரி.

தவசியை முழு ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட முடியாது. அவன் மரத்தை மட்டுமல்ல, மழையையும் தரையைப் பார்த்தே சொல்லுவான். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை. தட்டான் தாழப் பறந்தால் மழை. இது பழைய கொல்லையில் பெரும்பாலும் பலித்தது. புல்தரை வந்த பிறகும் அவன் அதே மாதிரிதான் பார்த்தான். எறும்பு ஏறிக்கொண்டே இருந்தது, தட்டான் தாழப் பறந்துகொண்டே இருந்தது, அவனும் தினமும் "மழை வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். புரட்டாசியில் சாயங்கால மழை அவ்வப்போது பெய்யும் அல்லவா? பெய்த நாளை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். பெய்யாத நாளைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை.

வடிவு அன்றே தேங்காய் நாரும் பஞ்சும் கிழிந்த துணியுமாகச் சேர்க்க ஆரம்பித்தாள். வாய் நிறைய நாரோடு அவள் புல்தரையைக் கடந்தபோது கிணற்றடியிலிருந்து ஒரு கரகரப்பான குரல் வந்தது.

"அடியே வடிவு, அந்த மரத்துல நான் ஒரு குச்சிகூட வைக்க மாட்டேன்."

அஞ்சலைதான். வடிவு நாரைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஏன், வேப்பமரத்துக்கு என்ன குறைச்சல்?"

"வேப்பமரமா? அது மலைவேம்புடி. இலை ஒண்ண மட்டும் பார்த்தா வேம்பாட்டம்தான் இருக்கும். நான் கூடு கட்டறவ. கிணத்தடி வேம்புல ஒரு குச்சி ஒடிக்கணும்னா கழுத்து சுளுக்கிக்கும். அந்த மரத்துல அலகு பட்டாலே முறிஞ்சு அலகோட வந்துடுது. எனக்கு ஒடியறது காத்துக்கு ஒடியாதா?"

"உன் பேச்சைக் கேட்டு நான் எங்க கட்டறதாம்?"

"இங்கதான் பொந்து ஒண்ணு சும்மா கிடக்கு."

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காக்கையின் வீட்டு வாசலில் குட்டி போட வேண்டுமாம். நல்ல அழைப்பு! பேசாமல் நாரைக் கவ்விக்கொண்டு மூலை மரத்தில் ஏறினாள்.

அங்கே மூன்று குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, ரோமம் முளைக்காத, சுண்டுவிரல் நீளக் குட்டிகள். வடிவு அவற்றை நக்கி நக்கிச் சூடேற்றினாள். இரவில் மரம் லேசாக ஆடும்போது தொட்டில் மாதிரி இருந்தது. நல்ல மரம் பிடித்துக் கொடுத்தானே என்று தவசியை மனசார வாழ்த்தினாள்.

ஐப்பசியில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். தண்ணீர் தெளிக்கும் குழாய் நின்றது. அந்த வருஷம் மழையும் தள்ளிப் போயிருந்தது. வெயிலில் புல் முதலில் வெளிறியது, பிறகு பழுப்பானது. எறும்புகள் முட்டையைத் தூக்காமல் புற்றுக்குள் அடங்கின. தட்டான்கள் எங்கோ போய்விட்டன.

தவசி வேலிக்கல்லின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான்.

"இந்த ஐப்பசி பொய்ச்சிடுச்சு. மழையும் கிடையாது, காத்தும் கிடையாது. நிம்மதியாத் தூங்குங்க."

வடிவு நிம்மதியாகத்தான் தூங்கினாள். இரண்டு நாள் கழித்து, மத்தியானத்தில், அஞ்சலை வெறும் அலகோடு கடற்கரைப் பக்கமிருந்து பறந்து வந்தாள். தினமும் அங்கே போய் மீன் குடல் பொறுக்கித் தின்பது அவள் வழக்கம். வேப்பமரத்துக்குப் போகாமல் நேராக மூலை மரத்தருகில் வேலியில் வந்து உட்கார்ந்தாள். வடிவு மயிர் சிலிர்க்கக் கூட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வராதே!"

"வரல. கேட்டுக்க. இன்னைக்குக் கரையில ஒரு மீன் இல்ல. ஒருத்தரும் கடலுக்குப் போகல. படகையெல்லாம் மேட்டுக்கு இழுத்து, தென்னையில கயிறு போட்டுக் கட்டிக்கிட்டிருக்காங்க. கடல் பறவைங்க கூட்டங்கூட்டமா ஊருக்குள்ள வருதுங்க. பெரிய காத்து வருது வடிவு. குட்டிங்கள அந்த மரத்துலேருந்து எடு."

"எடுத்து?"

"வேப்பமரத்துப் பொந்துக்குக் கொண்டுபோ. நான் அன்னைக்கே சொன்னேன்."

சொல்லிவிட்டு அஞ்சலை பறந்துவிட்டாள். அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். நடுவில் புல்தரை, மறைய ஒரு செடி இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. கண் திறக்காத குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெட்டவெளியைக் கடக்க வேண்டும், அதுவும் மூன்று தடவை. மேலே காக்கை. இதற்காகத்தானே காற்று, கடல் என்று கதை கட்டுகிறாள்!

"தவசி அண்ணே, காக்கா சொல்றது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பசி வந்தா காக்காவுக்குக் கடல்கூடப் பேசும்." தவசி தலையை ஆட்டினான். "தரையப் பாரு தங்கச்சி. காய்ஞ்சு கருவாடாக் கிடக்கு. ஒரு எறும்பு முட்டையத் தூக்குதா? ஒரு தட்டான் தாழப் பறக்குதா? நான் எத்தனை மழை பார்த்தவன்."

இனிய சொல்லாக இருந்தது. வடிவுக்கு அதை நம்பிவிடத்தான் ஆசை. ஆனால் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கிடந்தபோது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. காக்கை கெட்டவள், சரி. கெட்டவள் சொன்னால் மரத்தின் பெயர் மாறிவிடுமா? ஓணான் நல்லவன், சரி. நல்லவன் சொன்னால் குச்சி கெட்டியாகிவிடுமா? அது என்ன மரம் என்று தெரிந்துகொள்ள இவர்கள் இரண்டு பேரும் எதற்கு? எனக்கென்ன பல் இல்லையா?

அவள் எழுந்தாள். கூட்டுக்கு மேலே இருந்த ஒரு குச்சியைப் பிடித்து வளைத்தாள். படக்கென்று முறிந்தது. விரல் கனத்தில் இன்னொன்றைக் கடித்து இழுத்தாள். அதுவும் படக். கீழே உதிர்ந்த ஒற்றை இலையை விட்டுவிட்டு, கிளையிலிருந்த இலையை முழுக்காம்போடு பார்த்தாள். காம்பிலிருந்து சின்னக் காம்புகள் பிரிந்து, அந்தச் சின்னக் காம்புகளில்தான் இலைகள் இருந்தன. பிறகு கொட்டகைக் கூரை வழியாகச் சுற்றிக்கொண்டு, காக்கை இல்லாத சமயம் பார்த்து வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைக்குப் போனாள். அங்கே ஒரே காம்பு, அதன் இரண்டு பக்கமும் வரிசையாக இலை. குச்சியைக் கடித்தாள். நார் நாராக இழுத்துக்கொண்டு விட மாட்டேன் என்றது.

அப்படியானால் மூலை மரம் மலைவேம்புதான். இத்தனை நாளும் குட்டிகளை முருங்கைக்குத் தம்பி ஒருத்தன் மேல் தூங்கவைத்திருக்கிறாள்.

ஏறியதோடு வேப்பமரத்தின் உச்சிக்கே ஏறினாள். கொல்லைக்கு வெளியே பார்த்து வெகுநாளாகியிருந்தது. கிழக்கே வானம் ஈயம் பூசிய மாதிரி கிடந்தது. வெள்ளைப் பறவைகள் கூட்டமாக உள்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. காற்று அடியோடு நின்று, இலை ஒன்றும் அசையவில்லை. திரும்பி வரும் வழியில் பொந்தையும் பார்த்தாள். உள்ளே ஆழம். வாயோ குறுகல், அவளே உடம்பை நெளித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது. காக்கையின் தலை அதில் நுழையாது. இதைக்கூடப் பார்க்காமல் அன்றைக்குச் சிரித்தோமே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் வேலிக்கல்லுக்கு ஓடினாள்.

"அண்ணே, எறும்பு முட்டை தூக்கறத எப்ப நிறுத்துச்சு?"

"வீட்டுக்காரரு ஊருக்குப் போன அன்னைக்கு."

"தட்டான் எப்ப போச்சு?"

"அதுவும் அப்பதான்."

"தண்ணிக் குழாய் எப்ப நின்னுச்சு?"

தவசி வாயைத் திறந்தான். அவன் தலை மேலே போனது, கீழே வரவில்லை.

"எறும்பு இத்தன நாளும் உனக்கு வானத்தப் பத்தியா சொல்லிச்சு?" என்றாள் வடிவு. "குழாய் தெளிச்சா புத்துல தண்ணி ஏறும், முட்டையத் தூக்கும். ஈரப்புல்லுல கொசு கிளம்பும், தட்டான் தாழ வரும். குழாய் நின்னுச்சு, அதுங்களும் நின்னுச்சு. நீ தெனமும் குழாய்க்கு ஜோசியம் சொல்லியிருக்கே அண்ணே."

"அப்படியெல்லாம் இருக்காது," என்றான் தவசி. ஆனால் அவன் தலையாட்டிச் சொல்லாத முதல் பேச்சு அதுதான்.

சாயங்காலம் ஆவதற்குள் முதல் காற்றும் வந்துவிட்டது, அஞ்சலையும் வேப்பமரத்துக்குத் திரும்பிவிட்டாள். வடிவு வேப்பமரத்தடிக்குப் போய் மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அஞ்சலை அக்கா! குட்டிகளக் கொண்டுவரேன். ஆனா நீ இந்த மரத்துல இருக்கக் கூடாது. தென்னைக்குப் போய் உட்காரு. மூணும் பொந்துக்குள்ள போறவரைக்கும் இறங்கக் கூடாது."

"என்னைய நம்பலையா?"

"மரத்தைப் பத்தி நம்பறேன். குட்டியப் பத்தி நம்பல."

அஞ்சலை கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "வெவரமாத்தான் இருக்கே," என்று சொல்லித் தென்னைக்குப் பறந்தாள்.

கூரை வழியாகச் சுற்றிப் போக நேரமில்லை. முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு வடிவு ஒரே ஓட்டமாகப் புல்தரையைக் கடந்தாள். நெளிந்து பொந்துக்குள் விட்டுவிட்டு மறுபடி ஓடினாள். இரண்டாவது குட்டியோடு பாதி தூரம் வந்தபோது காற்று பக்கவாட்டில் அறைந்தது. குட்டி வாயிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டது. வெட்டிவிட்ட கட்டைப் புல்லில், அந்தச் சிவந்த உடம்பு பளிச்சென்று தெரிந்தது. வடிவு நிமிர்ந்து தென்னையைப் பார்த்தாள். அஞ்சலை முன்னால் சாய்ந்திருந்தாள். அலகு ஒரு தடவை திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. வடிவு குட்டியைப் பாய்ந்து கவ்வினாள்.

மூன்றாவது தடவை மரத்தில் ஏறும்போது அது மடமடவென்று முனகிக்கொண்டிருந்தது. மழை ஊசி ஊசியாகக் குத்தியது. வேலிக்கல்லில் தவசி நாலு காலாலும் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வந்துடு! மரம் உன் மேலதான் விழும்!"

"தரை இன்னும் நனையல," என்றான் தவசி. பாவம், அவனுக்கு விட மனசில்லை.

வடிவு நின்று பேசவில்லை. கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு தாவினாள். அவள் புல்லில் கால் வைத்ததும் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. மலைவேம்பு நடுவில் முறிந்து, கூட்டோடும் கிளைகளோடும் வேலிக்கல்லின் மேல் சாய்ந்தது. வடிவு திரும்பிப் பார்த்தபோது கல் தெரியவில்லை. ஐயோ அண்ணன் என்று நெஞ்சு பதறியது. அப்போது இலைக் குவியலுக்கு அடியிலிருந்து, வால் நுனி இல்லாமல், தவசி ஓடி வந்தான். அவளைவிட வேகமாகப் புல்தரையைக் கடந்து வேப்பமரத்தில் ஏறினான். அவ்வளவு வேகமாக ஓட அவனுக்குத் தெரியும் என்று அந்தக் கொல்லையில் யாருக்குமே தெரியாது.

பொந்துக்குள் மூன்று குட்டிகளும் வடிவும், வாசலையொட்டி ஒரு வெடிப்பில் தவசியும் ஒடுங்கிக்கொண்டார்கள். வெளியே வேப்பமரம் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது, ஒடியவில்லை. அஞ்சலை நனைந்து குறுகி மேலே ஒரு கிளைக் கவட்டில் ஒண்டியிருந்தாள்.

"தங்கச்சி," என்றான் தவசி வெகுநேரம் கழித்து, "மழை வருது."

"வந்தாச்சு அண்ணே," என்றாள் வடிவு.

காற்று ஓய்ந்த பிறகு அவள் தலையை வெளியே நீட்டி, காக்கையிடம் கேட்டாள்: "அக்கா, குட்டி புல்லுல கிடந்தப்ப ஏன் வரல?"

"வந்திருப்பேன். பசிதான்," என்றாள் அஞ்சலை, ஒளிக்காமல். "ஆனா பூனை வந்தா இந்தக் கொல்லையில முதல்ல கத்தறது நீதான். உன் சத்தத்துலதான் என் குஞ்சுங்க போன வருஷம் பொழைச்சுது. ஒரு வாய் கறிக்காக ஒரு காவக்காரிய இழக்கறதா? அதுக்காக ரொம்ப நம்பிடாத. பொந்து வாசல் குறுகல், அது உனக்கு நல்லது."

"பார்த்துட்டுத்தான் வந்தேன்," என்றாள் வடிவு.

கல்யாணம் முடிந்து வீட்டுக்காரர் திரும்பி வந்தார். விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினார், புல்லை வெட்டினார். மழை விட்டு வெயில் வந்ததும் குழாயையும் திருப்பிவிட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. புல்தரை ஓரத்தில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேட்டுக்கு ஏறின. தட்டான்கள் தாழப் பறந்தன. வேலிக்கல்லின் மேல் தவசி நிமிர்ந்து உட்கார்ந்தான், வழக்கம்போல வாயைத் திறந்தான். கண் திறந்த குட்டிகள் மூன்றும் பொந்து வாசலிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

தவசி சுற்றிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தான். அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். பிறகு திறந்த வாய்க்குள் ஒரு கொசுவைப் பிடித்துப் போட்டுக்கொண்டு, பேசாமல் மூடிக்கொண்டான்.

தன் காலடியை மட்டும் பார்த்து ஊருக்கே நல்வாக்குச் சொல்பவரின் இனிய பேச்சில் மயங்காமல், சொன்னவர் நண்பரோ பகைவரோ, சொன்ன சொல்லை நாமே ஒரு தடவை கடித்துப் பார்த்து நம்புவதே அறிவு.